"போல வந்தா உவமை, வரலன்னா உருவகம்" - இந்த ரூல் ஏன் வேலை செய்ய மாட்டேங்குது?

மல்லிப்பூ கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் விருதுநகர் பக்கம், ஒரு அச்சாபீஸ்ல கணக்கு எழுதுறேன், படிச்சது பி.காம். என் பொண்ணு பத்தாவது, தமிழ் மீடியம். செய்யுள் எல்லாம் ஒரு எழுத்து பிசகாம ஒப்பிச்சிருவா, கட்டுரைக்கும் நல்ல மார்க்கு வரும், ஆனா அணி இலக்கணம்னு வந்துட்டா மட்டும் ஒவ்வொரு பரிட்சைலயும் மார்க்கு போகுது. டியூசன்ல ஒரே வரியில சொல்லிக் குடுத்திருக்காங்க, "போல வந்தா உவமை, வரலன்னா உருவகம்"னு. புள்ள அதையே கெட்டியா புடிச்சுக்கிட்டா.

போன வாரம் டெஸ்ட்ல மூணு கேள்வி. "பிறவிப் பெருங்கடல் நீந்துவர்" குறள், அதுல போல இல்ல, உருவகம்னு எழுதினா, சரி. "அகர முதல எழுத்தெல்லாம்" குறள், அதுலயும் போல இல்ல, அதையும் உருவகம்னு எழுதினா, தப்பாம், எடுத்துக்காட்டு உவமையாம். மூணாவது சிலப்பதிகாரம், மதுரைக் கோட்டைக் கொடி "வாரல் என்பனபோல்" கை காட்டுற இடம், அதுல போல்னு பளிச்சுனு இருக்கு, உவமைன்னு எழுதிட்டா, அதுவும் தப்பு, தற்குறிப்பேற்றமாம். பேப்பரை நீட்டி "போல இருக்கேம்மா, அப்புறம் ஏம்மா தப்பு"ன்னு கேக்குறா, எனக்குப் பதில் சொல்லத் தெரியல. நான் படிக்கும்போதும் அணின்னா கோனார் நோட்ஸ்ல இருக்குற விளக்கத்தை அப்படியே எழுதிட்டு வந்துடுவேன், ஒண்ணும் புரிஞ்சு எழுதினதில்ல. இவளுக்காவது புரிஞ்சு படிக்கணும்னு ஆசையா இருக்கு. வீட்டுல பேசுற மாதிரி யாராச்சும் சொல்லிக் குடுப்பீங்களா?


ராஜபாளையம்_கார்த்தி:

அக்கா, பத்தாவதுக்கு ரொம்பப் போட்டுக் குழப்பிக்க வேணாம். எந்தக் குறளுக்கு எந்த அணின்னு ஒரு லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்லுங்க, புத்தகத்துல இருக்குற பாட்டுதான் கேப்பாங்க. நான் அப்படித்தான் படிச்சேன், ஒரு மார்க்கு கூட போகல. பரிட்சை முடியட்டும், அப்புறம் நிதானமா புரிஞ்சுக்கலாம்.


சாக்பீஸ்:

அம்மா, நான் 31 வருசம் அரசுப் பள்ளியில தமிழ் சொல்லிக் குடுத்துட்டு ஓய்வு வாங்கினவன். தம்பி கார்த்தி சொல்ற மனப்பாடம் மார்க்கு வாங்கிக் குடுக்கும், அது வாஸ்தவம், ஆனா உங்க பொண்ணு "ஏம்மா தப்பு"ன்னு கேட்டிருக்கா பாருங்க, அந்தக் கேள்வி ஒரு புள்ளைகிட்ட இருந்து வர்றதுக்கு நான் வகுப்புல வருசக்கணக்கா காத்துக்கிட்டு இருந்திருக்கேன். அதை லிஸ்ட் போட்டு மூடிடாதீங்க.

"போல" இருக்கா இல்லையான்னு தேடுறதை முதல்ல நிறுத்தச் சொல்லுங்க. அதுக்குப் பதிலா, இந்தப் பாட்டுல ரெண்டு பொருள் பக்கத்துல பக்கத்துல வந்து நிக்குதா, நின்னா அதுல எது வெளியே தெரியுது எது மறைஞ்சிருக்குன்னு பாக்கச் சொல்லுங்க. முழு உவமையில நாலு உறுப்பு இருக்கும். "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை". இதுல எதைப் பத்திச் சொல்ல வந்தார்? திட்டுறவனையும் பொறுத்துக்குற மனுசனை, அது பொருள். எதைக் காட்டிச் சொல்றார்? நிலத்தை, அது உவமை. ரெண்டுக்கும் பொது என்ன? தனக்குக் கெடுதல் பண்றவனையே தாங்கி நிக்கிறது, வெட்டுறவன் நிக்கிறதும் அதே மண்ணு மேலதான பாருங்க, அதுதான் அந்தக் குறளோட உயிர். நாலாவது, ரெண்டையும் கட்டுற கயிறு, "போல". அதை உவம உருபும்போம். போல மட்டும்தான் உருபுன்னு இல்ல, புரைய, ஒப்ப, அன்ன, மான, கடுப்பன்னு நிறைய இருக்கு. நாம பேசுறப்ப "மாதிரி"ங்குறோம், தெக்கத்திப் பக்கம் "கணக்கா"ம்பாங்க, கோயம்புத்தூர் பக்கம் "பூனையாட்டம்"னு "ஆட்டம்" சேப்பாங்க, எல்லாம் அதே கயிறுதான்.

இப்ப நான் வகுப்புல சொல்ற ஓட்டைப் பானையை உங்களுக்கும் சொல்றேன். கையில காசு தங்காத ஒரு பையன் இருக்கான்னு வைங்க. "ஓட்டைப் பானையில தண்ணி நிக்காத மாதிரி இவன் கையில காசு நிக்காது", இதுல நாலும் வெளியே இருக்கு, உவமை அணி. அந்த "மாதிரி"ய மட்டும் உருவிடுங்க: "ஓட்டைப் பானையில தண்ணி நிக்காது, ஊதாரி கையில காசு நிக்காது." ரெண்டு வாக்கியமும் தனித்தனியா நிக்குது, கயிறு கண்ணுக்குத் தெரியல, ஆனா நம்ம மனசு தானா முடிச்சுப் போட்டுக்குது. எடுத்துக்காட்டு உவமை இதுதான். "எழுத்தெல்லாம் அகர முதல" ஒரு வாக்கியம், "உலகு ஆதிபகவன் முதற்று" இன்னொரு வாக்கியம், நடுவுல "அதுபோல"ங்குறதை நாமதான் போட்டுக்குறோம். உங்க பொண்ணு தப்பு பண்ணின இடம் இதுதான். போல இல்லன்னு பாத்தா, ஆனா உலகமே எழுத்தாயிடுச்சுன்னோ கடவுளே அகரம்னோ வள்ளுவர் சொல்லலையே, ரெண்டும் தனித்தனியா அதது இடத்துல நிக்குதே.

அப்ப உருவகம்? "இவன் கையே ஒரு ஓட்டைப் பானை." இங்க பக்கத்துல நிக்கிற கதையே இல்ல, கையும் பானையும் ஒண்ணாயிடுச்சு. பிறவியைக் கடல் மாதிரின்னு சொல்லாம "பிறவிப் பெருங்கடல்"னு கடலாவே ஆக்கிட்டார். அதுலயும் ஒரு நுட்பம் இருக்கு. பிறவியைக் கடலாக்கினவர், இறைவன் அடியைத் தெப்பம்னு சொல்லல, அதை நாமளே நினைச்சுக்கணும். ஒரு பாதியை மட்டும் உருவகம் பண்ணிட்டு மறுபாதியைச் சும்மா விடுறதால இதை ஏகதேச உருவகம்னு சொல்லுவாங்க. 306ஆம் குறள் எடுத்துப் பாருங்க, "சினமென்னும் சேர்ந்தாரைக் கொல்லி இனமென்னும் ஏமப் புணையைச் சுடும்", சேர்ந்தாரைக் கொல்லின்னா நெருப்பு, அங்க கோவம் நெருப்பாகுது, சொந்தபந்தம் தெப்பமாகுது, ரெண்டு பக்கமும் உருவகம். "என்னும்", "ஆகிய"ன்னு வந்தா உருவகத்துக்கு அது ஒரு நல்ல அடையாளம்.

நாலாவது படி இருக்கு, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தப் பையன் மறுபடி வந்து ஆயிரம் ரூபா கேக்குறான். அவங்க அம்மா அவனைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, "ஓட்டைப் பானைக்கு எத்தனை குடம்தான் ஊத்துறது"ன்னுட்டு அடுப்படிக்குள்ள போயிடுறாங்க. சொல்ல வந்த பொருளே வாயில வரல, உவமை மட்டும்தான் வந்துச்சு, ஆனா அவனுக்குப் புரிஞ்சிருச்சு. இதுக்குப் பேர் பிறிதுமொழிதல். "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" குறள் இந்த வகைதான், மயிலிறகையே ஆனாலும் அளவுக்கு மீறி ஏத்தினா வண்டி அச்சு முறிஞ்சிடும்ங்குறார், அவ்வளவுதான், அரசனைப் பத்தியோ பகைவரைப் பத்தியோ அந்தக் குறள்ல ஒரு சொல் கிடையாது, அது வலியறிதல் அதிகாரத்துல இருக்குறதால நாம புரிஞ்சுக்குறோம்.

ஒரே பானைதான் பாத்தீங்களா, எல்லாம் வெளியே இருந்தா உவமை, கயிறு மறைஞ்சா எடுத்துக்காட்டு உவமை, ரெண்டும் உருகி ஒண்ணாயிட்டா உருவகம், பொருளே மறைஞ்சிட்டா பிறிதுமொழிதல். பொண்ணை இதே மாதிரி வேற ஒரு சாமானை வச்சு நாலு வாக்கியம் சொந்தமா எழுதச் சொல்லுங்க, அதுக்கப்புறம் லிஸ்ட் தேவைப்படாது.

இன்னொண்ணும் காட்டுங்க, சீக்கிரம் பதியும். மதிமுகம்னா மதி போன்ற முகம், உவமை முன்னாடி வருது, அது உவமைத்தொகை. அதையே திருப்பிப் போட்டு முகமதின்னா முகமாகிய மதி, உருவகம். கயல்விழி, தேன்மொழின்னு பேர் வைக்கிறோமே, அதெல்லாம் முதல் வகை. வகுப்புல அந்தப் பேர்ல யாராச்சும் இருந்தா பாடமே பக்கத்து பெஞ்சுல உக்காந்திருக்குன்னு சொல்லுவேன்.


மேலமாசிவீதி:

ஐயா சொன்னதுக்கு மேல சொல்ல எனக்கு அருகதை இல்ல, ஆனா அந்தக் கொடி எங்க ஊர்க் கொடி, அதனால அந்த மூணாவது கேள்விக்கு மட்டும் வர்றேன்.

கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் புகார்ல இருந்து நடந்தே வந்து வைகைக் கரைக்கு வந்துட்டாங்க. மதுரைக்குள்ள போனா கோவலன் சாகப் போறான்னு படிக்கிற நமக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியாது. மரத் தெப்பத்துல ஆத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வர்றாங்க, கோட்டை மதில் மேல கொடி ஆடுது. காத்து அடிச்சா கொடி ஆடத்தான செய்யும், அன்னிக்கும் அப்படித்தான் ஆடிச்சு. ஆனா இளங்கோ என்ன சொல்றார்னா "போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட", வராதீங்க வராதீங்கன்னு கையை ஆட்டித் தடுக்குற மாதிரி இருந்துச்சாம்.

இப்ப அங்க இருக்குற "போல்" என்ன வேலை பாக்குதுன்னு பாருங்க. நிலம்னு ஒண்ணு, பொறுமைசாலின்னு ஒண்ணுன்னு ரெண்டு பொருளை அது கட்டல. இருக்குறது ஒரே கொடி. அது ஆடுறதுக்கு உண்மையான காரணம் காத்து, அந்தக் காரணத்தை எடுத்துட்டு புலவர் தன் மனசுல இருக்குற காரணத்தை அது மேல ஏத்திட்டார். பேர்லயே இருக்கு பாருங்க, தன் குறிப்பை ஏத்துறது, தற்குறிப்பேற்றம். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் இதுக்கு "இயல்பின் விளைதிறன் அன்றி அயலொன்று தான்குறித்து ஏற்றுதல்"னு சொல்லுது, அதாவது இயல்பா நடக்குறதை விட்டுட்டு வேற ஒண்ணை நாமளா ஏத்திச் சொல்றது. அதனால இது நடக்குறதுக்கு நிஜக் காரணம் என்ன, பாட்டு சொல்ற காரணம் என்னன்னு ரெண்டு கேள்வி கேட்டா போதும், ரெண்டும் வேற வேறன்னா தற்குறிப்பேற்றம்.

அதே காதையில கொஞ்சம் முன்னாடி வைகை வருது, அதைப் படிக்கிறப்ப எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும். தண்ணி தெரியாம ஆறு பூரா பூவா மிதக்குது. இளங்கோ சொல்றார், கண்ணகிக்கு என்ன நடக்கப் போகுதுன்னு வைகைக்குத் தெரிஞ்சு போச்சாம், அதனால "புண்ணிய நறுமலர் ஆடை போர்த்துக் கண்ணிறை நெடுநீர் கரந்தனள் அடக்கி", பூவால முகத்தை மூடிக்கிட்டு கண்ணுல ரொம்பின தண்ணியை வெளிய தெரியாம அடக்கிக்கிச்சாம். கண்ணீரும் நீர்தான், ஆத்துல ஓடுறதும் நீர்தான். முதல்ல ஆறு அழுகையை மறைக்குது, அடுத்து கொடி வராதேங்குது, ஊரே கெஞ்சுது, அவங்க உள்ள போறாங்க. இதை வெறும் ரெண்டு மார்க் கேள்வியா படிச்சுட்டுப் போறது எனக்கு மனசு ஆறல. பொண்ணுக்கு முழுசா படிச்சுக் காட்டுங்க.

வீட்டுல இதுக்கு உதாரணம் வேணும்னா, துணியை மாடியில காயப் போட்டுட்டு கீழ வந்தவுடனே தூத்தல் போடும் பாருங்க, "நான் துணி போடட்டும்னே காத்துக்கிட்டு இருந்துச்சு இந்த வானம்"னு அம்மாமார் சொல்லுவாங்கல்ல, அது தற்குறிப்பேற்றம்தான்.


மல்லிப்பூ:

ஐயா, அண்ணே, ரெண்டு பேருக்கும் கையெடுத்துக் கும்புடுறேன். நேத்து ராத்திரி சோறு ஆக்கிக்கிட்டே இதைப் பூரா அவளுக்குச் சத்தமா படிச்சுக் காட்டினேன். ஓட்டைப் பானையில டக்குனு புரிஞ்சுக்கிட்டா. சொந்தமா எழுதச் சொன்னீங்கல்ல, அவ எடுத்துக்கிட்டது எங்க வீட்டு சைக்கிள் செயின். "செயின் கழண்ட சைக்கிள் மாதிரி சனிக்கிழமை சும்மா சுத்துது"ன்னு உவமை, "செயின் இல்லாம சைக்கிள் ஓடாது, தூக்கம் இல்லாம மூளை ஓடாது"ன்னு எடுத்துக்காட்டு உவமை. உருவகத்துக்கு ரொம்ப நேரம் யோசிச்சு "தூக்கச் செயின்"னு எழுதினா, அப்புறம் தானே அடிச்சுட்டு "இது நல்லா இல்லம்மா, ஒட்ட மாட்டேங்குது"ன்னா. ஒட்ட மாட்டேங்குதுன்னு அவளுக்கே தெரிஞ்சுது பாருங்க, அதுவே எனக்குப் பெருசா பட்டுச்சு.

அப்புறம் நடந்ததுதான் விசேசம். சாப்பிட்டு முடிச்சு ரொம்ப நேரம் போனை நோண்டிக்கிட்டே இருந்தா, நான் பாத்திரம் விளக்கிக்கிட்டே "கொம்பு பச்சையா இருக்கும்போதுதான் வளையும்"னேன். திட்டுவேன்னு எதிர்பார்த்தவ சட்டுனு நிமிர்ந்து "அம்மா! இது பிறிதுமொழிதல்!"னு கத்துறா. போனை வச்சுட்டா.

கொடி விசயத்தைப் படிச்சப்ப ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு புத்தகத்தை எடுத்து அந்தப் பாட்டை மறுபடி படிச்சா, இந்தத் தடவை மனப்பாடத்துக்கு இல்ல.

இன்னொரு சந்தேகம், எதுகை மோனை. எது எதுன்னு அவளுக்கும் மாறிப் போகுது, எனக்கும் மாறிப் போகுது.


கரிசல்மண்:

இது ரொம்ப ஈசி அக்கா. முதல் எழுத்து ஒத்து வந்தா மோனை, கடைசி சத்தம் ஒத்து வந்தா எதுகை. நம்ம பழமொழியில பூரா கிடக்கு. "கெடுவான் கேடு நினைப்பான்", கெ கே, மோனை. "ஆடிப்பட்டம் தேடி விதை", ஆடி தேடி, எதுகை. எங்க அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா எப்ப விதைக்கணும் எப்ப கூடாதுன்னு நூத்துக்கணக்குல வரி சொல்லுவார், அம்புட்டும் எதுகை மோனையிலதான் இருக்கும். எழுதி வைக்காத சனம் மறக்காம இருக்கத்தான் சத்தத்தை வச்சுக் கட்டி வச்சிருக்குன்னு எனக்குத் தோணும். "விளையும் பயிர் முளையிலே தெரியும்", "அடியாத மாடு படியாது", ஒரு தடவை காதுல விழுந்தா போதும், சாகுற வரைக்கும் மறக்காது.


சாக்பீஸ்:

கரிசல்மண் தம்பி, உங்க அப்பா சொன்ன வரிகளை ஒரு நோட்டுல எழுதி வைங்க, தயவுசெஞ்சு. உதாரணம் எல்லாம் அருமை, ஆனா விளக்கத்துல ஒரே ஒரு திருத்தம். கடைசி சத்தம் ஒத்து வர்றது இயைபு. எதுகைங்குறது ரெண்டாவது எழுத்து ஒத்து வர்றது. ஆடி, தேடி, ரெண்டுலயும் ரெண்டாவது எழுத்து "டி", அதனால எதுகை. அந்தச் சொல்லு ரெண்டே எழுத்தா இருக்குறதால கடைசி எழுத்தும் அதுவே ஆயிடுச்சு, அதுல ஏமாந்துடுவோம். விளையும், முளையிலே எடுத்துப் பாருங்க, முடிவு வேற, ஆனா ரெண்டாவது எழுத்து "ளை".

எதுகைக்கு இன்னொரு நிபந்தனை உண்டு, முதல் எழுத்து அளவு ஒத்திருக்கணும், குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். தட்டு, பட்டு எதுகை. தட்டு, பாட்டு எதுகை ஆகாது. வாய்விட்டுச் சொல்லிப் பாத்தா காதே சொல்லிடும்.

மோனையிலயும் அதே எழுத்துதான் வரணும்னு இல்ல, இன எழுத்தும் வரலாம். அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம், இ, ஈ, எ, ஏ ஒரு கூட்டம், உ, ஊ, ஒ, ஓ ஒரு கூட்டம். மெய்யில சகரமும் தகரமும் சேரும், ஞகரமும் நகரமும் சேரும், மகரமும் வகரமும் சேரும். அதனாலதான் "ஆனைக்கும் அடி சறுக்கும்" மோனை.

ரெண்டையும் ஒரே இடத்துல பாக்கணும்னா 391ஆம் குறள். "கற்க கசடறக் கற்பவை கற்றபின் நிற்க அதற்குத் தக." முதல் அடியில நாலு சீர், நாலும் ககரத்துல ஆரம்பிக்குது, முற்று மோனை. கற்க, நிற்க, ரெண்டாவது எழுத்து "ற்", எதுகை. சத்தமா சொல்லிப் பாருங்க, முதல் அடி முழுக்க க க கன்னு அடிச்சுக்கிட்டே போகும், "நிற்க"ல வந்து ஓசையும் நிக்கும். படிச்சுட்டு நில்லுன்னு சொல்ற இடத்துல அந்த ஓசையே நிக்குது. அகழ்வாரை, இகழ்வார்ங்குறதும் எதுகைதான், வெட்டுறவனையும் திட்டுறவனையும் ஓசையாலயே ஜோடி சேத்து விட்டுட்டார். ஓசையும் உவமையும் வேற வேற பாடம்னு நினைக்க வேணாம்.


முன்றில்:

நான் வழக்கமா படிச்சுட்டுப் போயிடுவேன், எழுத மாட்டேன். இன்னிக்கு எழுதத் தோணிடுச்சு. உவமையோட பலம் என்னன்னு உங்க பொண்ணுக்குச் சொல்லணும்னா குறுந்தொகையில சில புலவர்களோட பேரைச் சொல்லுங்க. அவங்க சொந்தப் பேர் என்னன்னே யாருக்கும் தெரியாது, பாட்டுல வச்ச தொடரே பேரா நின்னு போச்சு. "செம்புலப் பெயல்நீர் போல"ன்னு பாடினவர் செம்புலப்பெயனீரார். குப்பைமேட்டுல சண்டை போடுற கோழியை உசுப்பி விடவும் ஆள் இல்ல, விலக்கி விடவும் ஆள் இல்ல, அது மாதிரி என் நோயும் தானா முடிஞ்சாத்தான் உண்டுன்னு ஒரு பொண்ணு சொல்றதா பாடினவர் குப்பைக்கோழியார். ரெண்டாயிரம் வருசம் ஆகப் போகுது, ஆள் போயாச்சு, பேர் போயாச்சு, ஒரு உவமை மட்டும் இருக்கு.

எனக்கு உசுரு 41ஆம் பாட்டு, அணிலாடு முன்றிலார். தலைவி தோழிகிட்ட சொல்றா, அவர் பக்கத்துல இருந்தா திருவிழா நடக்குற ஊர் மாதிரி சந்தோசமா இருக்கேன், அவர் போயிட்டா "மக்கள் போகிய அணிலாடு முன்றில் புலப்பில் போலப் புல்லென்று" கிடக்குறேன். சனங்க விட்டுட்டுப் போன வீடு, அதோட முத்தத்துல அணில் விளையாடுது, அந்த வீடு மாதிரி இருக்கேன்கிறா.

காலேஜ்ல படிக்கும்போது இதுல அணில் எதுக்குன்னு எனக்குப் புரிஞ்சதே இல்ல. அணில் விளையாடுறது அழகான காட்சிதான, சோகத்துக்கு அதை ஏன் சொல்லணும்னு நினைச்சிருக்கேன். எங்க வீடு சிவகங்கை பக்கம் ஒரு கிராமம். அப்பா தவறினதுக்கப்புறம் அம்மாவை அண்ணன் சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிட்டார், வீடு ரெண்டு வருசமா பூட்டிக் கிடக்குது. போன ஆடியில ஒரு பத்திரம் எடுக்கப் போயி வெளிக்கேட்டைத் திறந்தேன். அம்மா வடகம் காயப் போடுற இடத்துல, நடு முத்தத்துல, ரெண்டு அணில் வேப்பம்பழத்தை உருட்டிக்கிட்டு இருந்துச்சு. கேட்டுச் சத்தம் கேட்டும் ஓடல. என்னையத் திரும்பிப் பாத்துட்டு அது பாட்டுக்கு விளையாடுது. அம்மா இருந்த காலத்துல வடகத்துக்கு வந்தா கையில இருக்குறதை எடுத்து எறிவாங்க, ஒரு நிமிசம் நிக்காது, சுவத்து மேல ஏறி ஓடிடும். இப்ப அது அந்த வீட்டுக்கு உடமைக்காரன் கணக்கா நிக்குது, நான்தான் விருந்தாளி.

அங்கயே திண்ணையில உக்காந்துட்டேன். அப்பத்தான் அந்தப் பாட்டு எனக்கு வந்து சேந்துச்சு. ஆள் இல்லாத வீடுன்னா பாழடைஞ்ச சுவர், ஒட்டடை, இருட்டுன்னு எவனும் எழுதிடுவான். பயமில்லாம விளையாடுற அணிலைக் காட்டினா, அங்க விரட்டுறதுக்கு ஒரு ஆள் கூட இல்லங்குறது தானா வந்துடுது. தலைவியைச் சுத்தியும் உலகம் அது பாட்டுக்கு சந்தோசமாத்தான் இருக்கு, உள்ள மட்டும் ஆள் இல்ல. ஐயா பொதுத்தன்மைன்னு சொன்னாரே, அது இந்தப் பாட்டுல எங்க இருக்குன்னு பொண்ணைத் தேடச் சொல்லுங்க. "புல்லென்று"ங்குற ஒரு சொல்லுல இருக்கு.


தைப்பூசம்:

எல்லாரும் கனமா பேசிட்டீங்க, நான் சிலேடையைச் சொல்லிட்டுப் போறேன், புள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். காளமேகப் புலவர் பாட்டு, "நஞ்சிருக்கும் தோலுரிக்கும் நாதர்முடி மேலிருக்கும் வெஞ்சினத்தில் பற்பட்டால் மீளாது". முதல்ல பாம்புன்னு படிங்க. விசம் இருக்கும், தோல் உரிக்கும், சிவன் தலையில இருக்கும், கோவத்துல அதோட பல்லு பட்டுட்டா உசுரு திரும்பாது. இப்ப அதே வரியை வாழைப்பழம்னு படிங்க. நல்லா நஞ்சு, அதாவது நைஞ்சு போயிருக்கும், தோலை உரிச்சுத்தான் சாப்பிடணும், அபிசேகத்துல சாமி தலை மேல இருக்கும், நம்ம பல்லு பட்டுட்டா பழம் திரும்பி வராது. ஒரு எழுத்து மாத்த வேணாம். என் பையன் ஏழாவது படிக்கிறான், இதைச் சொன்னதுல இருந்து ரெண்டு அர்த்தம் வர்ற சொல்லா தேடிக்கிட்டு அலையுறான், ஆறு, மாலை, திங்கள், படின்னு சுவத்துல எழுதி ஒட்டி வச்சிருக்கான்.


மல்லிப்பூ:

முன்றில் அண்ணே, நீங்க எழுதினதை ஆபீஸ்ல உக்காந்து படிச்சேன், கொஞ்ச நேரம் வேலை ஓடல. எங்க அம்மா வீடும் அப்படித்தான் பூட்டிக் கிடக்கு. பொண்ணுகிட்ட அந்தப் பாட்டைச் சொன்னேன், அவ "அப்ப நாம பொங்கலுக்கு அங்க போவோம்மா"ன்னா.

கடைசியா ஒண்ணு, இதை அவளே கேக்கச் சொன்னா. "அன்பகத் தில்லா உயிர்வாழ்க்கை வன்பாற்கண் வற்றல் மரந்தளிர்த் தற்று", இதுல போல இல்ல, ஆனா ரெண்டு வாக்கியமாவும் தெரியல, உருகி ஒண்ணாவும் ஆகல. பாறை மாதிரி இறுகின நிலத்துல காஞ்சு போன மரம் எப்படித் துளிர்க்கும், அப்படி ஒண்ணு உலகத்துலயே கிடையாதே, இல்லாததை எப்படி உவமையா சொல்லலாம்ங்குறா.


சாக்பீஸ்:

பாப்பாகிட்ட சொல்லுங்கம்மா, "தளிர்த்தற்று"ல கடைசியில இருக்குற "அற்று" இருக்கே, அதுதான் உருபு, தளிர்த்தாற் போலன்னு அர்த்தம், அதனால கயிறு வெளியதான் இருக்கு. "கனியிருப்பக் காய்கவர்ந் தற்று"லயும் அதே அற்றுதான். உலகத்துல கிடையாதேன்னு கேட்டா பாருங்க, அவ கேட்ட கேள்விதான் அந்த அணிக்கே பேர், இல்பொருள் உவமை. மனசுல அன்பு இல்லாம ஒருத்தன் நல்லா வாழுறதும் அந்த மரம் துளிர்க்குறதும் ஒண்ணு, நடக்காதுங்குறதைச் சொல்ல வள்ளுவருக்கு நடக்காத ஒண்ணுதான் வேணும். அந்த அதிகாரத்துல மீதி ஒம்பது குறளையும் அவளையே பாக்கச் சொல்லுங்க, எந்தக் குறள்ல எது மறைஞ்சிருக்குன்னு எழுதி இங்க போடட்டும், நான் திருத்தித் தர்றேன்.